கறுப்பு வெள்ளைத் திரையில் ஒளிந்திருக்கும் மும்மடங்கு நுட்பம்

சாதாரணக் கைப்பேசியே கோடிக்கணக்கான நிறங்களைக் காட்டும் காலத்தில், மேமோகிராம் (மார்பக ஊடுகதிர்ப் படம்) பார்க்கும் மருத்துவர்கள் விலை கூடிய கறுப்பு வெள்ளை எல்சிடி திரையை நாடுவது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முதல் காரணம் வெளிச்சம். வண்ணத் திரையின் ஒவ்வொரு பிக்சலிலும் (படப்புள்ளியிலும்) சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் போர்த்திய மூன்று சப்-பிக்சல்கள் உண்டு; அந்த வடிகட்டிகள் பின்னொளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிவிடுகின்றன. அவற்றை நீக்கினால் திரை பளிச்சிடும்.

சுவையான சங்கதி அதற்குப் பிறகுதான் வருகிறது. வடிகட்டி போனாலும் ஒவ்வொரு பிக்சலின் மூன்று சப்-பிக்சல்களும், அவற்றை இயக்கும் தனித்தனி டிரான்சிஸ்டர்களும் கண்ணாடியில் அப்படியே இருக்கின்றன. வழக்கமான கறுப்பு வெள்ளைத் திரையில் மூன்றும் சேர்ந்து ஒரே சாம்பல் புள்ளியாகவே செயல்படும். அவற்றைத் தனித்தனியே இயக்கினால், 2048 × 2560 பிக்சல் கொண்ட 5 மெகாபிக்சல் திரையில் ஏறத்தாழ 1.5 கோடி புள்ளிகள் கைக்கு வந்துவிடும்.

இதன் பயனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3328 × 4096 அளவுள்ள மேமோகிராமில் ஒரு புள்ளி மார்பில் 0.07 மில்லிமீட்டரைக் குறிப்பதாகக் கொள்வோம். புற்றுநோயின் தொடக்க அறிகுறியாக அமையக்கூடிய 0.2 மில்லிமீட்டர் கால்சியம் துகள், அதில் சுமார் மூன்று புள்ளி அகலமே இருக்கும். முழுப்படமும் திரையில் அடங்க வேண்டுமானால் அகலம் 3328-லிருந்து 2048 ஆகவும், உயரம் 4096-லிருந்து 2520 ஆகவும் சுருங்கும். அப்போது துகள் இரண்டு பிக்சலுக்கும் குறைவாகி, சுற்றியுள்ள திசுவின் சாம்பலோடு சராசரியாகக் கலந்து மங்கிவிடுகிறது. ஆனால் சப்-பிக்சல்கள் உயரவாக்கில் அடுக்கப்பட்டிருந்தால் 2520 வரிசைகள் 7560 ஆகின்றன. படத்தின் 4096 வரிசைகளையும்விட இது அதிகம் என்பதால், அந்தத் திசையில் ஒரு வரிசையைக்கூடச் சராசரியில் கரைக்க வேண்டியதில்லை!

வண்ணத் திரையிலும் இந்த உத்தி உண்டு. 1998-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த கிளியர்டைப் என்ற எழுத்துக் காட்சி நுட்பம், எழுத்துகளின் விளிம்பை இப்படித்தான் கூர்மையாக்கியது. ஆனால் அங்கே ஒரு சப்-பிக்சலை மட்டும் ஏற்றி இறக்கினால் எழுத்தின் ஓரத்தில் நிறம் கசியும். அதை மறைக்கவே விளிம்பைச் சற்று மழுக்க வேண்டியிருக்கிறது. வடிகட்டியே இல்லாத திரையில் கசிய நிறமேது?

குறையும் உண்டு. அகலவாக்கில் எந்த ஆதாயமும் இல்லை. திரையைத் திருப்பி வைத்தால் ஆதாயம் கிடைக்கும் திசையும் மாறிவிடும் என்பதால், படத்தைக் காட்டும் மென்பொருளுக்குச் சப்-பிக்சல்களின் வரிசை தெரிந்தாக வேண்டும். ஆகவே ‘15 மெகாபிக்சல்’ என்று விளம்பரம் செய்வது, என் பார்வையில், சற்று மிகைதான். ஆயினும் பெருந்தொகை கொடுத்து ஊடுகதிர்க் கருவி வாங்கிவிட்டு, அது எடுத்த படத்தை மலிவான அலுவலகத் திரையில் பார்க்கச் சொல்லும் சிக்கனத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

அதே மூன்று சப்-பிக்சல்களைக் கூர்மைக்குப் பதிலாகச் சாம்பல் சாயல்களைப் பெருக்கவும் பயன்படுத்தலாம்: ஒவ்வொன்றின் வெளிச்ச அளவும் 0 முதல் 255 வரை செல்வதால், மூன்றையும் கூட்டினால் ஒரு பிக்சலுக்கு 766 படிகள் வரை கிடைக்கும்.