ஸ்கிரிப்ட் கருவியை பேக்கேஜ் செய்யும் முன் அதை முழுக்கப் படியுங்கள்

ஷெல் ஸ்கிரிப்டாக எழுதிய கருவியை டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கலுக்கு பேக்கேஜ் செய்வது, அதாவது நிறுவத் தயாரான பொதியாக்குவது, சுலபம் என்று புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். கம்பைல் செய்ய வேண்டியதில்லை, கோப்பை உரிய இடத்தில் வைத்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. சி நிரலைவிட ஸ்கிரிப்டுக்குத்தான் கூடுதல் கவனம் தேவை என்பேன்.

சி நிரல் என்றால், எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்பதை டெபியனின் கருவிகளே பைனரியிலிருந்து கண்டுபிடித்துவிடும். ஸ்கிரிப்ட்டின் நடுவில் ஜேக்யூ போன்ற வேறொரு நிரல் அழைக்கப்படுவதை அவை கவனிக்காது. ஃபெடோராவின் பேக்கேஜ் கருவியான ஆர்பிஎம், முதல் வரியில் உள்ள இன்டர்ப்ரிட்டரை, அதாவது ஸ்கிரிப்டை ஓட்டும் நிரலை, தேவைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். உள்ளே ஓடும் கட்டளைகளைப் பார்க்காது. பேக்கேஜ் செய்பவரின் கணினியிலோ எல்லாம் ஏற்கெனவே இருக்கும், அதனால் குறை தெரிவதில்லை. பயனரிடம் போனதும் பாதி வேலையில், சில கோப்புகளை மாற்றிவிட்ட பிறகு, கட்டளை இல்லை என்று நிற்கும். அரைகுறையாக மாறிய அந்தக் கோப்புகளுக்கு யார் பொறுப்பு?

ஆகவே வரி வரியாகப் படித்து, அழைக்கப்படும் ஒவ்வொரு நிரலையும் குறித்துக்கொள்ளுங்கள். கிரெப், செட் (sed) போன்ற உரைக் கருவிகள் டெபியனில் எப்போதும் இருக்கும், அவற்றை எழுத வேண்டாம். பதிவிறக்கும் கர்ல், கணக்குப் போடும் பிசி (bc) அப்படியல்ல. எது இல்லாவிட்டால் முக்கிய வேலையே நடக்காதோ அது டிபென்ட்ஸ் என்ற கட்டாயத் தேவைப் பட்டியலில் வரவேண்டும். கூடுதல் வசதிக்கு மட்டும் என்றால் ரெக்கமெண்ட்ஸ் என்ற பரிந்துரைப் பட்டியலில். டெபியனின் நிறுவல் கருவியான ஏபிடி வழக்கமாக ரெக்கமெண்ட்ஸையும் நிறுவும்தான், ஆனால் கன்டெய்னர் (நிரல் ஓடும் தனித்த சூழல்) கட்டுபவர்கள் பலர் அதை அணைத்துவிடுகிறார்கள். எனவே துணை நிரல் இருக்கிறதா என்று தொடக்கத்திலேயே பார்த்து, இல்லையென்றால் எதை நிறுவ வேண்டும் என்று தெளிவாகச் சொல்லும்படி ஸ்கிரிப்டைத் திருத்தி, அந்தத் திருத்தத்தை மூல ஆசிரியருக்கும் அனுப்புங்கள்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் நிரல் வேறாக இருக்கலாம். டெபியனில் 2011இல் வந்த ஸ்க்வீஸ் பதிப்பிலிருந்து எஸ்ஹெச் (sh) என்றால் டாஷ் என்ற சிறிய ஷெல். பாஷ் என்ற இன்னொரு ஷெல்லின் அர்ரே (மதிப்புகளின் வரிசை) அதில் ஓடாது. அதேபோல உரையைக் கையாளும் ஆக் (awk) நிரலை அழைத்தால் அதன் ஒரு வடிவமான மாக் (mawk) வரக்கூடும், அதில் உரையை மாற்றும் ஜென்சப் செயற்கூறு கிடையாது. செக்பாஷிசம்ஸ் என்ற சோதனைக் கருவி முதல் வகைப் பிழைகளில் பலவற்றைப் பிடித்துவிடும்.

கருவியோடு வரும் சின்னச் சின்னத் துணை ஸ்கிரிப்ட்களை பயனர் நேரடியாக அழைக்கப் போவதில்லை என்றால் பாத்தில் (ஷெல் கட்டளைகளைத் தேடும் அடைவுகளில்) போடாதீர்கள், லிப்எக்ஸெக் அடைவு அதற்குத்தான் இருக்கிறது. பொதுவான பெயர்கள் மோதும். நோட் என்ற பெயருக்காக ஒரு அமெச்சூர் ரேடியோ நிரலும் நோட்.ஜேஎஸும் மோதிய விவகாரம் 2012இல் டெபியனின் தொழில்நுட்பக் குழுவரை போனது.

அப்புறம் சோதனை. ரெக்கமெண்ட்ஸ் இல்லாத வெறும் க்ரூட்டில் (கணினிக்குள் தனியே பிரித்த கோப்பமைப்பில்) பேக்கேஜை நிறுவி, உண்மையான ஒரு கோப்பைக் கொடுத்து முழு வேலையையும் ஓட்டுங்கள். ஹெல்ப் செய்தி வந்தால் போதும் என்று விடாதீர்கள்; அந்தப் பாதையில் பெரும்பாலும் எந்தத் துணை நிரலும் அழைக்கப்படுவதில்லை.