"பெத்த அம்மா இருக்காங்களா?": எய்ட்ஸால் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கணக்கு

சங்ககிரி பக்கம் ஒரு வீட்டு வாசலில் நின்று, "உங்க வீட்ல அனாதைக் குழந்தை யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "இல்லைங்க" என்றுதான் பதில் வரும். அம்மாயி மடியில் வளரும் பேரன் எப்படி அனாதை ஆவான்? உலகக் கணக்கிலோ அவன் உண்டு. 18 வயது நிறையாத பிள்ளை எய்ட்ஸால் தாயையோ தகப்பனையோ இழந்திருந்தால் போதும், சேர்த்துவிடுவார்கள். நம் மொழியில் 'அனாதை' என்றால் யாருமே இல்லாத பிள்ளை. சொல்லை அப்படியே வினாத்தாளில் போட்டால் கணக்கு அங்கேயே கோணிவிடும்.

கேட்க வேண்டியது இது: "இந்தப் பிள்ளையைப் பெத்த அம்மா உயிரோட இருக்காங்களா?" 'பெத்த' என்ற சொல் விட்டுப்போகக் கூடாது. கைக்குழந்தையிலிருந்து வளர்த்த சித்தி, "நான்தாங்க அம்மா" என்பார். அது பொய்யில்லை, ஆனால் ஒரு பிள்ளை கணக்கிலிருந்து விழுந்துவிட்டது. மாமன் வீட்டு ஸ்மார்ட் கார்டில் பெயர் இருந்தாலும் இதே கதைதான். ஏற்காடு மலைக் கிராமங்களில் உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கும் பிள்ளை வீட்டுக் கணக்கெடுப்பில் பல சமயம் வருவதே இல்லை.

இப்படிக் கேட்டுத் தெரிவது பெற்றோர் இல்லை என்பது மட்டுமே. எதனால் இறந்தார்கள் என்பதை வாசலில் கேட்கவும் கூடாது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் அந்த ரகசியத்தைக் காக்கிறது. மருத்துவர் எழுதும் இறப்புக் காரணச் சான்றிலும் பல சமயம் காசநோய், காய்ச்சல் என்றே இருக்கும். அதனால் எய்ட்ஸால் பெற்றோரை இழந்தவர்கள் எத்தனை பேர் என்பதைக் கணித மாடல் போட்டு மதிப்பிட்டுத்தான் எடுக்கிறார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. எய்ட்ஸில் 1,000 தாய்மார் இறந்தார்கள், ஆளுக்கு 2 பிள்ளை என்றால் 2,000. இதில் 800 பேர் தாய்க்குத் தொற்று வந்தபின் பிறந்தவர்கள் என்று கொள்வோம். மருந்து இல்லாத காலத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். 30 என்று வைத்தால் 240 பிள்ளைகளுக்குத் தொற்று. சிகிச்சை இல்லாவிட்டால் அதில் பாதிப் பேர் 2 வயதுக்குள் இறந்துவிடுவார்கள். 120 கழித்தால் மிச்சம் 1,880. தகப்பனை இழந்தவர்கள் 2,600 என்றால் கூட்டி 4,480 என்று எழுதிவிடாதீர்கள். இருவரையும் இழந்த 700 பேர் இரண்டு பக்கமும் வந்திருப்பார்கள். ஒருமுறை கழித்தால் 3,780. கணவன் மனைவி இருவருக்குமே தொற்று இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் இந்த 700 தற்செயலாக அமைவதைவிடப் பெரிதாகவே இருக்கும். தகப்பன் பக்கம்தான் எப்போதும் தள்ளாட்டம். பெண்ணுக்குப் பிள்ளைப்பேறு விவரம் இருக்கிறது, ஆணுக்கு யார் கேட்டு வைத்தார்கள்?

அடித்தளமான தொற்று எண்ணிக்கை தவறினால் மேலே கட்டியதெல்லாம் தவறும். இந்தியாவில் 2005க்கு சுமார் 52 லட்சம் பேருக்குத் தொற்று என்றார்கள். 2007இல் அந்த மதிப்பீடு சுமார் 25 லட்சத்துக்கு இறங்கியது. நோய் பாதியாகிவிடவில்லை. கர்ப்பிணிகளிடம் எடுத்த ரத்த மாதிரியோடு, 2005-06 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் வீட்டு மாதிரியும் சேர்ந்ததே முக்கியக் காரணம்.

நாட்டுக்கு நாடு, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போது வரையறையைப் பார்க்காமல் எண்ணைத் தொடாதீர்கள். எய்ட்ஸால் அனாதையான பிள்ளைகள் உலகம் முழுக்க எத்தனை பேர் என்பதற்கு 1999 இறுதிக்கு ஐ.நா. சொன்னது 1.32 கோடி. அண்மை ஆண்டுகளின் எண் 1.4 கோடியை ஒட்டியது. நிலைமை அப்படியே இருக்கிறது என்று இதை வைத்துச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் பழைய எண், 15 வயதுக்குள் தாயையோ இருவரையுமோ இழந்தவர்களின், நோய் தொடங்கிய நாள் முதலான மொத்தம். வளர்ந்துவிட்டவர்களும் இறந்துவிட்டவர்களும் அதில் அடக்கம். புதியது இன்றைக்கு உயிரோடிருக்கும், 18 வயது நிறையாத பிள்ளைகள். தகப்பனை மட்டும் இழந்தவர்களும் சேர்த்தி.

மாவட்டத் திட்டத்துக்கு மாநில எண்ணை மக்கள்தொகைப்படி வகுத்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. வேண்டாம். லாரித் தொழில் நிறைந்த சங்ககிரிக்கும் ஏற்காட்டு எஸ்டேட்டுக்கும் ஒரே விகிதம் பொருந்தாது. எச்.ஐ.வி.க்கு மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையப் பதிவேட்டில் இறந்தவர்களின் குடும்ப விவரத்தை, பெயர் நீக்கி, பிள்ளைகளின் வயதை மட்டும் எடுத்துக் கூட்டினால் குறைந்தபட்ச எண் ஒன்று கிடைக்கும். பதிவுக்கு வராமலே போனவர்களின் பிள்ளைகள் அதில் இல்லை. மாத்திரை வாங்க வருவதை நிறுத்தியவர்களைத் தனிப் பட்டியலாகப் போடுங்கள்; அதிலும் சிலர் இறந்திருப்பார்கள்.