ஐந்தாம் மாதத்தில் வேலைக்குப் போகக் கூடாது என்றார் டாக்டர்: எம்சி (மருத்துவ விடுப்பு) தாளில் பார்க்க வேண்டியவை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் தங்கச்சி ஒருத்தி. ஏற்கெனவே இரண்டு முறை கரு கலைந்தவள். மூன்றாவது முறைதான் ஸ்கேனில் தெரிந்தது, கர்ப்பப்பை பிறவியிலேயே நடுவில் பிரிந்து இருக்கிறதென்று. ஐந்தாம் மாதம் பிறந்ததும் பாரம் தூக்கக் கூடாது, வேலைக்கே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தோட்ட அலுவலகம் அவளுக்கு 14 நாள் எம்சி கொடுத்தது. அதற்குப் பிறகு "சம்பளமில்லாத லீவு" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டது. அவளுக்குச் சேர வேண்டிய பணம் அப்படியே போனது. இன்னொருத்திக்கு இது நடக்கக் கூடாது.

இப்படிக் கர்ப்பப்பை உள்ளவர்களுக்குக் கரு கலைவதும், மாதம் நிறையாமல் வலி எடுப்பதும், பிள்ளை தலை திரும்பாமல் இருப்பதும் மற்றவர்களைவிட அதிகம். அதனால் கர்ப்பம் என்று தெரிந்த உடனே கிளினிக்கில் பதிந்து, பழைய கதையெல்லாம் தாதியிடம் சொல்லிவிடுங்கள். வாரக் கணக்கு முதலிலிருந்தே புத்தகத்தில் ஏறுவது ஏன் முக்கியம் என்பது கீழே வரும்.

சட்டம் சுருக்கமாக: 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி, 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 98 நாள். பிரசவத்துக்கு முந்தைய 4 மாதத்தில் அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும், முந்தைய 9 மாதத்தில் மொத்தம் 90 நாளாவது வேலையில் இருந்திருக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் விடுப்புக்குச் சம்பளம் உண்டு. குத்தகைக்காரரிடம் வேலை செய்பவர்கள் செக்ரோலில் (ஆள் பதிவேட்டில்) பெயர் விடாமல் இருக்கிறதா என்று மாதாமாதம் பாருங்கள். உயிரோடு 5 பிள்ளைகள் இருந்தால் விடுப்பு உண்டு, சம்பளம் இல்லை. கலைந்த கருவும் இறந்த பிள்ளையும் இந்த ஐந்தில் சேராது. சேர்த்து எண்ணும் கிராணிகள் (அலுவலக எழுத்தர்கள்) இருக்கிறார்கள், அவர்களிடம் விடாமல் பேசுங்கள்.

ஆனால் பிரசவ விடுப்பு பிரசவத்துக்கு 30 நாள் முன்னதாகத்தான் தொடங்க முடியும். ஐந்தாம் மாத ஓய்வு அதில் அடங்காது. "இப்போதே பிரசவ விடுப்பில் போடுகிறோம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம், பிள்ளை பிறந்த பிறகு உங்களுக்கு நாள் மிஞ்சாது.

அந்த ஓய்வுக்கான வழி வேறு. சாதாரண எம்சி, வேலைக்கு வந்து 2 வருடம் ஆகாதவர்களுக்கு வருடத்துக்கு 14 நாள், 5 வருடத்துக்குள் 18, அதற்கு மேல் 22. இதோடு தனியாக, மருத்துவமனையில் தங்க வேண்டிய நோய்க்கு 60 நாள் சம்பளத்தோடு உண்டு. வார்டில் படுத்தால்தான் இந்த 60 என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அது தவறு. தங்க வேண்டிய அளவு உடல்நிலை மோசம் என்று டாக்டர் சான்று கொடுத்து, ஏதோ காரணத்தால் நீங்கள் வீட்டிலேயே இருந்தாலும், தங்கியதாகவே சட்டம் கணக்கில் எடுக்கும். ஆகவே டாக்டரிடம் வெறும் "ஓய்வு" என்று எழுத விடாதீர்கள். மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை என்று அவர் கருதினால், அதை அப்படியே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தங்கச்சியின் தாளில் இந்த ஒரு வரி இல்லாததால்தான் 60 நாளைக் கேட்கவே வழியில்லாமல் போனது.

அப்புறம் 48 மணி நேரம். எம்சி தொடங்கி அதற்குள் முதலாளிக்குத் தெரிவிக்காவிட்டால், அனுமதியில்லாமல் வேலைக்கு வராததாக எழுத அவர்களுக்கு இடம் கிடைக்கும். பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) வாயால் சொல்லியனுப்புவது போதாது. தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அலுவலகத்துக்கு அனுப்புங்கள், அனுப்பிய நேரம் அதிலேயே நிற்கும்.

மனசு கனக்கும் விஷயம் ஒன்று, சொல்லித்தான் ஆக வேண்டும். 22 வாரம் நிறைந்த பிறகு பிள்ளை பிறந்தால், உயிரோடு பிறந்தாலும் இறந்து பிறந்தாலும் சட்டத்தில் அது பிரசவம்தான், 98 நாளும் உண்டு. அதற்கு முன் என்றால் எம்சி மட்டும்தான். மருத்துவமனைத் தாளில் வாரம் எழுதாமல் "கெகுகுரான்" (மலாயில் கருச்சிதைவு) என்று மட்டும் இருந்தால், அலுவலகம் அதைப் பிடித்துக்கொள்ளும். அழுதுகொண்டிருக்கும் பெண்ணால் இதையெல்லாம் கேட்க முடியாது. கூட வரும் அம்மாவோ கணவரோ வார்டை விட்டுக் கிளம்புமுன் வாரக் கணக்கை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால், கிளினிக் புத்தகத்தில் ஆரம்பத்திலேயே ஏறிய கணக்கு கை கொடுக்கும்.

அலுவலகம் மறுத்தால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம், வக்கீல் தேவையில்லை. சம்பளச் சீட்டு, எம்சி, கிளினிக் புத்தகம் மூன்றின் நகலையும் கொண்டுபோங்கள். ஒரு கவுண்டரில் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். புகாரைப் பதிந்து எண் கொடுங்கள் என்று கேட்டு, வாங்கிக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும்.

கர்ப்பத்தைக் காரணம் காட்டியோ, கர்ப்பத்தால் வந்த நோயைக் காரணம் காட்டியோ வேலையை விட்டு நிறுத்த முடியாது. அதனால்தான் சில இடங்களில் நிறுத்தமாட்டார்கள், நீங்களே விலகுவதாக ஒரு கடிதத்தை முன்னால் வைப்பார்கள், அதுவும் மலாயில். படிக்கத் தெரிந்தாலும் அங்கே கையெழுத்து வேண்டாம். வீட்டில் காட்டிவிட்டு நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டு, தாளைப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.