கையெழுத்துப் போட்டால் போதுமா?

சிறைக்குப் பதிலாக நீதிமன்றக் கட்டளையில் விடப்பட்டு, மாதம் தவறாமல் சீர்திருத்தக் கந்தோருக்கு வந்து கையெழுத்துப் போட்டவர் மறுபடியும் அடிதடி வழக்கில் பிடிபடுகிறார். "ஒழுங்காத்தானே வந்து போனார்" என்று எல்லோரும் வியக்கிறார்கள். வந்தார், போனார். இடையில் யாராவது அவரோடு உட்கார்ந்து பேசினார்களா?

சிறைக்குப் பதிலாக நீதிமன்றம் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை வழங்க இலங்கையின் 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்கிறது. சம்பளமில்லாத பொதுவேலை, உளவள ஆலோசனை, போதைச் சிகிச்சை எல்லாம் அதற்குள் வரும். கையெழுத்து வெறும் வரவுப் பதிவு.

சீர்திருத்த உத்தியோகத்தர்களே, தேயிலைத் தோட்டத்தில் சம்பளம் பெரும்பாலும் 10ஆம் திகதி. குடித்துவிட்டுச் சண்டை போடுபவர் சறுக்குவது அன்று மாலைதான். அவரை 25ஆம் திகதி கூப்பிட்டு என்ன பயன்? 8ஆம், 9ஆம் திகதியில் கூப்பிடுங்கள். சம்பளம் யார் கையில் போகும், எந்தப் பாதையால் லயத்து வீட்டுக்குப் போவார், கசிப்புச் சாராயத்துக்குக் கூப்பிடுகிற கூட்டாளி யார் என்று கேளுங்கள். "இனிக் குடிக்க மாட்டேன் சேர்" என்பதைப் பதிலாக எடுக்காதீர்கள். "காசை வீட்டில கொடுத்திட்டு பெரிய ரோட்டால போறேன், மச்சான் கூப்பிட்டா இப்படிச் சொல்றேன்" என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். கூட்டாளி மாதிரி நீங்கள் கூப்பிட்டுப் பாருங்கள். தடுமாறினால் திரும்பவும் சொல்லட்டும். அடுத்த சந்திப்பில் முதல் கேள்வி, அது நடந்ததா என்பதுதான்.

எல்லோரையும் ஒரேமாதிரி இறுக்குவதும் தவறு. முதல்தடவை சிக்கிய பையனை வாராவாரம் வரவழைத்து, குற்றத்தில் பழகிய ஆட்களோடு ஒரே வாங்கில் காத்திருக்க வைத்தால் புதுச் சிநேகிதம்தான் மிச்சம். நேரத்தை, மறுபடி குற்றம் செய்யும் ஆபத்துக் கூடியவருக்குச் செலவிடுங்கள்.

நிபந்தனைகளைத் தமிழில் வாசித்து விளக்குங்கள். சிங்களக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எதற்குச் சம்மதித்தோம் என்றே தெரியாமல் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேலைநாளில் கூப்பிட்டால் ஒரு பேர், அதாவது ஒருநாள் சம்பளம் போகும், பஸ் காசும் போகும். அதனாலேயே வராமல் விடுகிறார்கள். முடிந்தால் வேலையில்லாத நாளைக் கொடுங்கள். வராவிட்டால் அன்றைக்கே தொலைபேசியில் பேசுங்கள். மண்சரிவில் பாதை அடைபட்டதும் வேண்டுமென்றே ஒளிந்ததும் ஒன்றல்ல.

கட்டளையில் இருப்பவர்களே, வீடு மாறினால், கொழும்புக்கு வேலைக்குப் போவதானால் முதலில் உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். போய்விட்டுச் சொன்னால் வழக்கு மறுபடி நீதிமன்றத்துக்கே போகக்கூடும்.

தோட்ட நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள்: வழக்கைக் காட்டி வேலைப் பதிவிலிருந்து அவர் பேரை வெட்டாதீர்கள். வேலை போனால் அவருக்கு மிஞ்சுவது அந்தக் கூட்டாளிகள்தான். வீட்டிலுள்ள அக்கா, தங்கச்சிமாரே, அவர் திரும்பக் குடிக்கத் தொடங்கினால் மறைக்காதீர்கள். முதல் கிழமையிலேயே சொன்னால் சிகிச்சைக்கு அனுப்பலாம்.