விழுமியமா, மதிப்பீடா?

“இன்றைய இளைஞர்களின் மதிப்பீடுகள் வேறு, பெற்றோரின் மதிப்பீடுகள் வேறு.” மேடையிலும் கட்டுரையிலும் ஓயாமல் வரும் தொடர் இது. யார் எதை மதிப்பிட்டார்கள்? ‘வேல்யூஸ்’ என்பதைத்தான் சொல்ல வருகிறார்கள் என்று ஆங்கிலம் தெரிந்தவர்தான் ஊகிக்க முடியும்.

அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் ‘வலேரே’ என்னும் இலத்தீன் வினை: வலிமையோடிருத்தல், பெறுமானம் உடையதாதல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒருவர் வாழ்வில் மேலானதாகக் கொள்வது என்ற பொருள் பின்னால் சேர்ந்தது. அதற்குத் தமிழ், விழுமியம். ‘ஒழுக்கம் விழுப்பந் தரலான்’ என்னும் குறளில் சிறப்பைக் குறிக்கும் விழுப்பம் இதற்கு உறவு.

மதிப்பீடு என்பது மதிப்பிடும் செயல். சொத்து மதிப்பீடு, திட்ட மதிப்பீடு, விடைத்தாள் மதிப்பீடு ஆகியவற்றில் அது சரியாக உட்கார்ந்திருக்கிறது. ‘தனிநபர் மதிப்பீடுகள்’ என்று எழுதினால் அலுவலகத்தில் ஊழியரை எடைபோடுவதாகத்தான் படிப்பவர் எண்ணுவார்.

இரண்டும் வேறு என்பதற்கு, தலைமுறை ஆய்வே சான்று. அமெரிக்க அரசியலறிஞர் ரொனால்ட் இங்கிள்ஹார்ட், மேற்கு ஐரோப்பியரிடம் நான்கு குறிக்கோள்களை நீட்டி, எதற்கு முதலிடம் என்று கேட்டார்: நாட்டில் ஒழுங்கு, விலைவாசிக் கட்டுப்பாடு, அரசு முடிவுகளில் மக்களின் குரல், பேச்சுரிமை. போரையும் பஞ்சத்தையும் கண்டு வளர்ந்த மூத்தவர்கள் முதலிரண்டின் பக்கம் மிகுதியாகச் சாய்ந்தார்கள். போருக்குப் பிந்தைய செழிப்பில் வளர்ந்தவர்களிடம் பின்னிரண்டுக்கு ஆதரவு கூடியிருந்தது. 1971இல் அவர் இதை எழுதினார். முதலிடம் பெற்றது விழுமியம். அதை அளந்த ஆய்வு மதிப்பீடு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் ‘மதிப்பீடுகளின் மதிப்பீடு’ என்றல்லவா எழுத வேண்டும்?

விழுமியம் என்பதிலேயே உயர்வுப் பொருள் இருக்கிறது, நடுநிலை இல்லை என்று இச்சொல்லை மறுப்பவர்கள் சொல்கிறார்கள். இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் உயர்வு என்பது அதைக் கொண்டவரின் பார்வையில்தான். மூத்தவருக்கு ஒழுங்கு விழுமியது, இளையவருக்குப் பேச்சுரிமை விழுமியது. நாம் ஏற்கிறோமா என்பது தனிக் கேள்வி. ‘இளைஞர்களுக்கு மதிப்பீடுகளே இல்லை’ என்று புலம்புவோர் தவறவிடுவதும் இதையே: அவர்களுக்கு விழுமியங்கள் உண்டு, வரிசைதான் வேறு.

அகராதியில் கண்ட முதல் சொல்லை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள்மீதே என் கோபம். விழுமியம் கடினம் என்று அதை வெட்டும் பத்திரிகை ஆசிரியர்களும் இருக்கிறார்கள். இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் சொல் தமிழ்நாட்டு வாசகருக்கு மட்டும் கடினம் என்பதை நான் ஏற்கவில்லை.