சொல் விளக்கம்: கம்மிங் அவுட்

ஒரு பாடகர் தான் தன்பாலீர்ப்பு (தன் பாலினத்தவர் மீதே வரும் ஈர்ப்பு) உள்ளவர் என்று வெளிப்படையாகப் பேசினால், நம் செய்திகளில் 'ஒப்புக்கொண்டார்' என்ற சொல் தவறாமல் வந்துவிடுகிறது. திருடியவர் ஒப்புக்கொள்வார், லஞ்சம் வாங்கியவர் ஒப்புக்கொள்வார். யார் மேல் காதல் என்று சொல்வதில் ஒப்புக்கொள்ள என்ன இருக்கிறது? இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கம்மிங் அவுட்' என்ற சொல்லில் குற்றத்தின் சாயலே கிடையாது.

அது கொண்டாட்டத்தில் பிறந்த சொல். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வசதியான வீட்டுப் பெண்கள் பருவம் வந்ததும் நடன விருந்துகளில் ஊர்ப் பெரியவர்கள் முன் முதல்முறையாக அறிமுகமாவார்கள். அதுதான் கம்மிங் அவுட். 1930களில் நியூயார்க், பால்டிமோர் போன்ற நகரங்களில் ஆண்கள் பெண் உடையணிந்து ஆடும் பெரிய நடன விழாக்கள் நடந்தன. அங்கே வந்த தன்பாலீர்ப்பு ஆண்கள் அந்தச் சொல்லைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். தம்மைப் போன்றவர்களின் கூட்டத்துக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைப்பதுதான் அவர்களுக்குக் கம்மிங் அவுட். நம் அரங்கேற்றம் மாதிரி. ஒளிந்திருந்த அலமாரியிலிருந்து வெளியே வருவது என்ற உருவகம் 1960களில்தான் வந்து ஒட்டிக்கொண்டது. 1969இல் நியூயார்க்கில் ஸ்டோன்வால் என்ற மதுவிடுதியில் போலீஸ் சோதனையை எதிர்த்துத் தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் கிளர்ந்தெழுந்த ஸ்டோன்வால் எழுச்சிக்குப் பிறகு, உலகறியச் சொல்வது என்ற பொருள் நிலைத்தது.

இதன் எதிர்முனைச் சொல் 'அவுட்டிங்'. ஒருவர் விரும்பாமலே அவரைப் பற்றி ஊருக்குச் சொல்லிவிடுவது. இரண்டுக்கும் உள்ள தூரத்தை பிரிட்டிஷ் பாப் பாடகர் ஜார்ஜ் மைக்கேலின் வாழ்க்கையில் பார்க்கலாம். 1980களில் 'வாம்' என்ற பாப் இசை இரட்டையரில் ஒருவராகப் புகழடைந்து, பின் தனியாக 'ஃபெயித்' ஆல்பத்தில் உச்சம் தொட்டவர். தன் பாடல்களைப் பெரும்பாலும் தானே எழுதி, இசையமைத்துத் தயாரித்தவர். 1991இல் பிரேசிலின் ரியோவில் பாடப் போனபோது அன்செல்மோ ஃபெலெப்பா என்ற ஆணைச் சந்தித்துக் காதலித்தார். 1993இல் எய்ட்ஸ் தொடர்பான நோயால் அன்செல்மோ இறந்தார். அந்தத் துயரத்தில் பிறந்த 'ஜீசஸ் டு எ சைல்ட்' 1996இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. பாட்டைக் கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு அது யாருக்கான இரங்கல் என்று தெரியாது.

1998 ஏப்ரலில் பெவர்லி ஹில்ஸ் பூங்காக் கழிப்பறையில் சாதாரண உடையிலிருந்த போலீஸ்காரர், அநாகரிகச் செயலில் ஈடுபட்டதாகச் சொல்லி அவரைக் கைது செய்தார். உலகமே பேசியது. சில நாளில் அவர் சிஎன்என் தொலைக்காட்சியில் தோன்றித் தன் ஈர்ப்பைப் பற்றித் தானே பேசினார். அதே ஆண்டு 'அவுட்சைட்' பாட்டின் காணொளியில் போலீஸ் சீருடை போட்டுக்கொண்டு, ஜிகினா விளக்கு மின்னும் கழிப்பறையில் ஆடினார். கைது நடந்தது அவுட்டிங். பேட்டியும் பாட்டும் கம்மிங் அவுட். அவமானப்படுத்த வந்த காட்சியையே மேடையாக்கிய அந்தத் துணிச்சல் எனக்கு இன்றும் வியப்பு.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'வெளிவருதல்' என்றால் படம் வெளிவந்தது, ஜாமீனில் வெளிவந்தார் என்றெல்லாம் மனம் ஓடும். என் தேர்வு 'வெளிப்படுதல்'. தன்னை வெளிப்படுத்திக்கொண்டார் என்றும் எழுதலாம். அந்தக் 'கொள்' செயலைச் செய்தவர் கையிலேயே விட்டுவைக்கிறது. அவுட்டிங்குக்கு 'அம்பலப்படுத்துதல்' கச்சிதமாகப் பொருந்தும். செய்பவர் வேறு, படுபவர் வேறு என்பது அதில் பளிச்சென்று தெரிகிறது. அப்புறம் 'ஓரினச்சேர்க்கையாளர்' என்பதையும் விட்டுவிடலாம். 'சேர்க்கை' ஒரு மனிதரைப் படுக்கையறையாகச் சுருக்குகிறது, 'ஈர்ப்பு' காதலுக்கும் இடம் தருகிறது. சென்னை உயர்நீதிமன்றத்தின் முயற்சியால், இந்தச் சமூகத்தினரைக் கண்ணியமாகக் குறிப்பதற்கான சொற்பட்டியலைத் தமிழக அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. செய்தி எழுதுவோர் அதை மேசையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளிப்படுதல் ஒரே நாளில் முடிகிற காரியமும் இல்லை. பிரிட்டிஷ் பாடகர் எல்டன் ஜான் 1976இல் தான் இருபாலீர்ப்பு உள்ளவர் என்றார். 1984இல் ஒரு பெண்ணை மணந்தார், 1988இல் அது மணமுறிவில் முடிந்தது. அதன் பிறகே தன்பாலீர்ப்பு உள்ளவர் என்று வெளிப்படையாகப் பேசினார். புகழ் இல்லாதவர்களுக்கோ நண்பர், அக்கா, அம்மா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேச்சுவழக்கில் அதற்கு 'வீட்ல சொல்லிட்டேன்' என்பதே போதும்.