செக்‌ஷன் 3: பக்கத்துத் தெருக்காரருக்கும் அந்தக் கட்டடத்தில் வேலை உண்டு

அமெரிக்காவில் அரசு நிதியில் கட்டும், புதுப்பிக்கும் குடியிருப்புகளில் ஒப்பந்தக்காரர்கள் தொழிலாளர் விதிகளைக் கடைப்பிடிக்கிறார்களா என்று பார்ப்பதும், அதற்கான கணக்குகளைத் தயார்செய்து கொடுப்பதும் என் தொழில். இந்தத் துறையில் நம்மவர்களும் இருக்கிறார்கள். எஸ்டிமேட்டர், புராஜெக்ட் இன்ஜினியர், பேரோல் பார்ப்பவர், சிறிய பெயின்டிங் கம்பெனி நடத்துபவர் என்று பலர். அவர்களிடமிருந்து வரும் அழைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். “வேலை முடியப்போகுது, செக்‌ஷன் 3 அறிக்கை கேக்குறாங்க, என்னங்க எழுதுறது?”

இப்படி அரசு நிதியில் நடக்கும் வேலைகளில் அக்கம்பக்கத்துக் குறைந்த வருமானக்காரர்களுக்கும் இடம் கொடுக்கச் சொல்லும் விதிதான் செக்‌ஷன் 3. அழைக்கும் அந்த நேரத்தில் எழுத ஒன்றும் மிச்சம் இருக்காது. யாருக்கு வேலை என்பது துணை ஒப்பந்தங்களில் கையெழுத்தான நாளிலேயே முடிவாகிவிட்டது. அதனால், இன்னும் கையெழுத்துப் போடாதவர்களுக்காகவும், அந்தக் கட்டடத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

1965-இல் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியும், 1967-இல் நியூவார்க், டெட்ராய்ட் நகரங்களும் கலவரத்தில் எரிந்தன. காரணங்களை ஆராய்ந்த கெர்னர் ஆணையம் 1968 தொடக்கத்தில் தந்த அறிக்கையில் வேலையின்மையும் மோசமான குடியிருப்பும் முக்கிய இடம் பிடித்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட வீட்டுவசதி, நகர மேம்பாட்டுச் சட்டத்தின் மூன்றாவது பிரிவுதான் இந்த செக்‌ஷன் 3. ஏழைகள் வாழும் பகுதியில் அரசுப் பணம் செலவாகும்போது, அதில் கிடைக்கும் கூலியும் தொழிலும் முடிந்தவரை அந்த மக்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்கிறது அது. 1992-இல் லாஸ் ஏஞ்சலஸ் மறுபடி எரிந்தது. அந்த ஆண்டே சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள்.

இருந்தும் பல ஆண்டுகள் இது காகிதத்திலேயே நின்றது. பழைய விதி புதிதாகச் சேர்க்கும் ஆட்களின் தலையை மட்டும் எண்ணியது: புதியவர்களில் 30 சதவீதம் குறைந்த வருமானக்காரர்களாக இருக்க வேண்டும். புதிதாக யாரையுமே சேர்க்காத கம்பெனிக்கு அந்தக் கேள்வியே எழாது. கடைசி மாதத்தில் இரண்டு பேரைத் துப்புரவு வேலைக்குச் சேர்த்து, பத்து நாள் வைத்திருந்து அனுப்பினாலும் கணக்கு நேராகிவிடும். அந்தப் பத்து நாளில் ஒருவர் என்ன தொழில் கற்றுக்கொள்ள முடியும்?

2020 செப்டம்பரில் வெளியாகி நவம்பர் 30 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதி, தலைக்குப் பதிலாக உழைத்த மணிநேரத்தை எண்ணச் சொன்னது. திட்டத்தில் எல்லோரும் உழைத்த மொத்த மணிநேரத்தில் 25 சதவீதம் செக்‌ஷன் 3 தொழிலாளர்களுடையதாக, அதாவது முக்கியமாகக் குறைந்த வருமானக்காரர்களுடையதாக, இருக்க வேண்டும். அந்த 25-க்குள்ளேயே, மொத்தத்தில் 5 சதவீதம் ‘முன்னுரிமைத் தொழிலாளர்’ உழைத்ததாக இருக்க வேண்டும். அரசு குறைந்த வாடகைக்குத் தரும் பொது வீடுகளை நிர்வகிக்கும் ஹவுசிங் அதாரிட்டி வேலை என்றால் அந்த முன்னுரிமை முக்கியமாக அங்கே குடியிருப்பவர்களுக்கும், செக்‌ஷன் 8 வாடகை உதவி பெறுபவர்களுக்கும். நகராட்சி வழியாக வரும் சி.டி.பி.ஜி. (சமூக மேம்பாட்டு மானியம்), ஹோம் (மலிவு வீடுகளுக்கான நிதி) போன்ற நிதிகளில் நடக்கும் வேலை என்றால், கட்டடத்திலிருந்து ஒரு மைல் சுற்றளவுக்குள் வசிக்கும் தகுதியுள்ள தொழிலாளிக்கு. அந்த வட்டத்தில் 5,000 பேர்கூட இல்லையென்றால், அத்தனை பேர் அடங்கும் வரை வட்டத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். யூத்பில்ட் என்ற தொழிற்பயிற்சித் திட்டத்தில் இருக்கும் இளைஞர்கள் இரண்டு வகையிலும் சேர்வார்கள்.

நகராட்சி வழியாக வரும் அந்த நிதிகளில், கூட்டாட்சி அரசின் வீட்டுவசதி, நகர மேம்பாட்டுத் துறையான ஹட் (HUD) தரும் உதவி 2 லட்சம் டாலரைத் தாண்டினால் விதி பொருந்தும். ஈய நச்சை அகற்றும் திட்டங்களில் வரம்பு 1 லட்சம். தாண்டிவிட்டால் திட்டம் முழுவதும் கணக்கில் வரும். “என் துணை ஒப்பந்தம் சின்னதுதானே” என்று எந்த டிரைவால்காரரும் ஒதுங்க முடியாது. பொருள் மட்டும் சப்ளை செய்பவர்களுக்கு விலக்கு உண்டு.

இந்த மணிநேரக் கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள். ஒரு குடியிருப்பைப் புதுப்பிக்க 40,000 மணிநேர உழைப்பு தேவை என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீதம் என்றால் 2,000 மணி. வாரம் 40 மணி வீதம் 50 வாரம் வேலை செய்யும் ஒரே ஒருவரின் ஓராண்டு உழைப்பு அது. 25 சதவீதம் என்றால் 10,000 மணி, ஐந்து பேரின் ஓராண்டு. முதல் நாளிலிருந்து ஐந்து பேர், அதில் ஒருவர் பக்கத்துத் தெருக்காரர், அவ்வளவுதான் கேட்கிறார்கள். இதையே கடைசி எட்டு வாரத்துக்குத் தள்ளிப்போட்டால் ஒருவரால் 320 மணிதான் தர முடியும். 10,000-ஐத் தொட முப்பதுக்கும் மேற்பட்டவர்களை ஒரே நேரத்தில் இறக்க வேண்டும். ஃபோர்மேன் எவரும் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார், ஒத்துக்கொள்ளவும் கூடாது.

தகுதி யாருக்கு என்பதில்தான் குழப்பம் அதிகம். ‘ஏழை’ என்றதும் பலர் தங்களைப் பற்றி இல்லை என்று நகர்ந்துவிடுகிறார்கள். இங்கே பார்ப்பது தொழிலாளியின் சொந்த வருமானத்தை மட்டும். குடும்ப வருமானம் கணக்கில் வராது. வரம்பு ஊருக்கு ஊர் மாறும். அந்தப் பகுதியின் இடைநிலை (மீடியன்) வருமானத்தில் 80 சதவீதத்தை ஒட்டி ஹட் ஆண்டுதோறும் அறிவிக்கும். சான் பிரான்சிஸ்கோவில் 2023-இல் தனி நபருக்கான வரம்பே ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. ஏற்கெனவே உங்களிடம் வேலை பார்க்கும் ஹெல்பரே தகுதியானவராக இருக்கலாம். ஒரு படிவம்கூடக் கொடுத்துக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

சம்பளத்தை உயர்த்தினால் தகுதி போய்விடுமோ என்று தயங்கும் முதலாளிகள் இருக்கிறார்கள். போகாது. வேலைக்குச் சேர்ந்தபோது தகுதி இருந்தால் ஐந்து ஆண்டுகள் வரை அவர் செக்‌ஷன் 3 தொழிலாளிதான். தயவுசெய்து ஆளை வளரவிடுங்கள். பழைய கைது, தண்டனை எதுவும் இந்தத் தகுதியைக் குறைக்காது என்றும் விதி தெளிவாகச் சொல்கிறது. எனக்கு இந்த விதியிலேயே மிகவும் பிடித்த வரி அது.

வேலை தெரியாதவரைக் கட்டாயம் எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. “எங்கெங்கேயோ தேடினோம், ஆள் கிடைக்கலையே” என்பவர்களிடம் நான் கேட்பது, எங்கே தேடினீர்கள் என்றுதான். இணையத்தில் ஒரு விளம்பரம் போட்டால் அந்தக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருப்பவருக்குப் போய்ச் சேராது. குடியிருப்போர் சங்கத்துக்குப் போங்கள், கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு மாலை உட்காருங்கள். வருகிறவர்களுக்கு ஆர்வத்தில் குறை இருக்காது. ஓஷா பாதுகாப்புப் பயிற்சி அட்டை இருக்காது, வேலைக்கான பூட்ஸ் இருக்காது, காலை ஏழு மணிக்குப் பிள்ளையை விட்டுவர இடம் இருக்காது. இவை பணத்தால் தீரும் தடைகள், டெண்டர் விலையிலேயே சேர்த்துப் போட வேண்டியவை. யூனியன் வேலை என்றால் உள்ளூர் ஆளைப் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ப்பது பற்றி யூனியனிடம் வேலை தொடங்குமுன் பேசிவிடுங்கள். இலக்கைத் தொட முடியாவிட்டாலும், செய்த முயற்சிகளை அறிக்கையில் விவரமாகக் காட்ட வழி இருக்கிறது. அதற்கும் முயற்சி நடந்திருக்க வேண்டும்.

குடியிருப்பவர்களுக்கு வேறொரு பயம் இருக்கிறது. வருமானம் ஏறினால் வாடகையும் ஏறும். பொது வீடுகளில் வாடகை பெரும்பாலும் கணக்கிட்ட வருமானத்தில் 30 சதவீதம் என்பதால் இது வீண் பயம் இல்லை. ஆனால் உங்கள் ஹவுசிங் அதாரிட்டியில் குடும்பத் தற்சார்புத் திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் சேர்ந்த பிறகு சம்பளம் கூடி வாடகை ஏறும்போது, அந்த ஏற்றத்தை ஒட்டிய தொகையை உங்கள் பெயரில் ஒரு கணக்கில் சேர்த்து வைப்பார்கள். ஒப்பந்தத்தில் சொன்ன இலக்குகளை முடித்ததும் அந்தப் பணம் உங்களுக்கு. வேலைக்குச் சேர்வதற்கு முன்பே இதில் பதிவுசெய்துகொள்வது நல்லது.

சிறு தொழில் நடத்தும் நம்மவர்களுக்கு இரண்டு செய்திகள். கம்பெனியே செக்‌ஷன் 3 தகுதி பெறலாம்: குறைந்த வருமானக்காரர்களோ, பொது வீட்டில் அல்லது செக்‌ஷன் 8 உதவியில் வசிப்பவர்களோ 51 சதவீதம் உரிமையும் நிர்வாகமும் வைத்திருந்தால்; அல்லது கடந்த மூன்று மாத உழைப்பில் 75 சதவீதத்துக்கு மேல் தகுதியுள்ள தொழிலாளர்களுடையது என்றால். பெயருக்கு ஒருவரை உரிமையாளராக நிறுத்திவிட்டுப் பின்னாலிருந்து நடத்துவதை நான் பார்த்திருக்கிறேன். அது கூட்டாட்சி அரசிடம் பொய் சொல்லும் குற்றம், அதற்கு நான் ஒருபோதும் துணைபோக மாட்டேன். இரண்டாவது, சிவில் இன்ஜினியரிங், கட்டட வடிவமைப்பு, கணக்கியல் போன்ற உரிமம் தேவைப்படும் சேவைகளின் மணிநேரத்தை மொத்தத்தில் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே தகுதியுள்ள ஓர் இளைஞரைச் சேர்த்தால் அவருடைய மணிநேரத்தை மட்டும் தகுதியுள்ள தொழிலாளர்களின் மணிநேரத்தோடு சேர்த்துக் காட்டலாம். வரைபட மேசையிலும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இடம் கொடுக்க இதைவிட நல்ல சலுகை கிடைக்காது.

மாணவர் விசாவில் இருப்பவர்கள் கவனம்: இந்த விதி யாருக்கும் வேலை அனுமதி தருவதில்லை. அனுமதி இல்லாமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் தெருவில் இப்படி ஒரு வேலை தொடங்கினால் ஹவுசிங் அதாரிட்டியிலோ நகராட்சியின் சமூக மேம்பாட்டு அலுவலகத்திலோ செக்‌ஷன் 3 பொறுப்பாளர் யார் என்று கேளுங்கள். விண்ணப்பித்த தேதி, பேசிய நபர், கிடைத்த பதில் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். தகுதியிருந்தும் உங்களைத் தட்டிக்கழித்தார்கள் என்றால் ஹட் துறையின் உள்ளூர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். அப்போது அந்தக் குறிப்புகள் தேவைப்படும்.